ஜெர்மன் போர்விமான மாதிரிகள்: உருமறைப்பையும் டெக்காலையும் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானத்தின் கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) ஒன்றை முதன்முதலாக வாங்கி வந்தவருக்கு, பாகங்களை வெட்டி ஒட்டுவது பெரிய சிரமமாகத் தோன்றாது. திகைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வழிகாட்டித் தாளின் பின்பக்கங்களில் விமானத்தின் மேல், கீழ், பக்கத் தோற்றங்கள் வரையப்பட்டு, அவற்றின் மேல் 74, 75, 76 என்று வெறும் எண்கள் போடப்பட்டிருக்கும். நனைத்து ஒட்டும் குறிகளை அச்சிட்ட டெக்கால் தாளிலோ சிலுவைகள், எண்கள், கோணக் குறிகள், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்துகள் என்று ஏராளமான துண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரே விமானத்துக்கு நான்கைந்து வெவ்வேறு தோற்றங்கள் கொடுக்கப்பட்டிருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது, எதை எங்கே ஒட்டுவது, அதை ஏன் அங்கே ஒட்டுவது என்ற மூன்று கேள்விகளும் ஒன்றாக வந்து நிற்கும்.

மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும் என்பது என் அனுபவம். ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபவில் நிறமும் குறியும் விதிகளுக்கு உட்பட்டவை. ஒரு விமானம் எந்த ஆண்டில், எந்தப் போர்முனையில் பறந்தது என்பதை அதன் நிறத்திலிருந்து பெரும்பாலும் ஊகிக்கலாம். அது எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது விமானம் என்பதை அதன் குறிகளிலிருந்து படித்துவிடலாம். இந்தப் படிப்பு வந்துவிட்டால் வழிகாட்டித் தாளில் உள்ள பிழையைக்கூட நாமே கண்டுபிடித்துத் திருத்த முடியும்.

எண்களுக்குப் பின்னால் உள்ள காரணம்

வழிகாட்டித் தாளில் எண்களுக்கு முன்னால் வரும் ஆர்.எல்.எம். என்ற மூன்றெழுத்து, ஜெர்மனியின் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைக் குறிக்கும். விமானங்களில் எந்தெந்தச் சாயங்களைப் பூச வேண்டும் என்று அந்த அமைச்சகம் எண்ணிட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தது. 04 என்றால் மஞ்சள், 21 வெள்ளை, 22 கறுப்பு, 23 சிவப்பு, 65 வெளிர்நீலம், 70 கருமை கலந்த பச்சை, 71 அடர்பச்சை. மாதிரி செய்பவர்களும் சாயம் விற்கும் நிறுவனங்களும் அதே எண்களை இன்றுவரை பயன்படுத்துவதால், எண்ணைச் சொன்னால் உலகத்தின் எந்த மூலையிலும் புரிந்துகொள்வார்கள்.

உருமறைப்பின் அடிப்படை எளிமையானது. மேலிருந்து பார்ப்பவனுக்கு விமானம் தரையோடு கலந்துவிட வேண்டும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு கலந்துவிட வேண்டும். ஆகவே மேற்பரப்பில் அடர்நிறங்களும் அடிப்பரப்பில் வெளிர்நிறமும் பூசப்பட்டன. மேற்பரப்பில் இரண்டு நிறங்கள் ஏன் என்றால், ஒரே நிறமாக இருந்தால் இறக்கையின் முழு உருவமும் தெளிவாகத் தெரிந்துவிடும். உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் போல நேர்கோட்டு விளிம்புகள் கொண்ட திட்டுகளாக இரண்டு நிறங்களைப் பிரித்துப் பூசும்போது, அந்த உருவம் கண்ணுக்குச் சிதறிப்போகிறது. இதைத்தான் சில்லு வடிவ உருமறைப்பு என்கிறோம்.

1939 செப்டம்பரில் போலந்துப் படையெடுப்பின்போது மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானங்களின் மேற்பரப்பும் உடலின் பக்கங்களும் 70, 71 ஆகிய இரு பச்சைகளால் மூடப்பட்டிருந்தன. 65 அடிப்பரப்பில் மட்டுமே இருந்தது. தரையில் நிற்கும் விமானத்தை மறைக்க இது மிகவும் பொருத்தமானது. ஆனால் சண்டை விமானம் நடுவானில் பக்கவாட்டிலிருந்து பார்க்கப்படும்போது, அந்தக் கரும்பச்சை உடல் வெளிறிய வானத்தில் எடுப்பாகத் தெரிந்தது. அதனால் அந்தக் குளிர்காலத்திலேயே மாற்றம் வந்தது. வெளிர்நீலம் உடலின் பக்கங்களில் மேலேறியது. மேற்பரப்பில் 70-க்குப் பதிலாக 02 என்ற பச்சை சார்ந்த சாம்பல் நிறம் 71-உடன் சேர்ந்தது. 1940 கோடையில் இங்கிலாந்தின் மீதான வான்போர் மும்முரமானபோது, அந்த வெளிர்நீலப் பக்கங்கள் மிகவும் பளிச்சென்று இருப்பதாக உணர்ந்து, களத்திலேயே அவற்றின் மேல் புள்ளிகளும் திட்டுகளும் தெளித்தார்கள். அவரவர் கையில் இருந்ததைக் கொண்டு, அவரவருக்குத் தெரிந்த விதத்தில் செய்ததால், அந்தக் கோடைகாலத்து மெஸ்ஸர்ஷ்மிட் 109-கள் ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில், சொந்தப் படையினர் அடையாளம் காண்பதற்காக எஞ்சின் மூடியில் மஞ்சள் பூசும் வழக்கமும் பரவியது.

1941-இல் சண்டை விமானங்களுக்குச் சாம்பல் நிறங்கள் வந்தன. 74 பச்சை சார்ந்த அடர்சாம்பல், 75 ஊதா சாயல் கொண்ட சாம்பல், 76 நீலம் கலந்த வெளிர்சாம்பல். உயரத்தில் நடக்கும் சண்டைக்கு இவை ஏற்றவை. நம் கைக்கு வரும் சண்டை விமானக் கிட்களில் பெரும்பாலானவை இந்த மூன்று எண்களையே கேட்கும். குண்டுவீச்சு விமானங்களும், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் ஸ்டுகாக்களும் நெடுங்காலம் 70, 71, 65 என்ற பழைய பச்சைகளிலேயே இருந்தன.

இங்கே தொடக்கநிலையாளர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 70-உம் 71-உம் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான நிறங்கள். பழைய புகைப்படங்கள் பலவற்றில் அவற்றின் எல்லையே தெரிவதில்லை. ஆனால் பெட்டி அட்டையில் உள்ள ஓவியத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கறுப்பாகவும் மற்றொன்றைப் புல்பச்சையாகவும் பூசிவிடுகிறார்கள். ஸ்டுகாவின் மேற்பரப்பைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கரும்பச்சையாகத் தெரிந்து, அருகில் கொண்டுவந்தால் மட்டுமே இரண்டாகப் பிரிய வேண்டும். அப்படி அமைந்தால் நிறம் சரியாக வந்திருக்கிறது என்று நம்பலாம்.

போர்முனை மாறும்போது நிறமும் மாறியது. வட ஆப்பிரிக்காவில் மேற்பரப்புக்கு 79 என்ற மணல் நிறமும் அடிப்பரப்புக்கு 78 என்ற நீலமும் வந்தன. ரஷ்யக் குளிர்காலத்தில் கழுவினால் போய்விடும் வெள்ளைச் சாயத்தைப் பழைய நிறத்தின் மேலேயே பூசினார்கள். அது பறந்து பறந்து தேய்ந்து, அடியிலிருந்த நிறம் எட்டிப் பார்க்கும். இரவுச் சண்டை விமானங்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இரவு என்றால் கறுப்பு என்று முதலில் முழுக்கக் கறுப்புப் பூசினார்கள். ஆனால் நட்சத்திர ஒளியிலும் மேகத்தின் பின்னணியிலும் கறுப்பு உருவம் நிழல்போலத் தனித்துத் தெரிந்தது. அதைவிட வெளிர்சாம்பல் இருளில் நன்றாகக் கரைவதைக் கண்டபின், 76-ஐ அடித்தளமாகப் பூசி மேலே சாம்பல் திட்டுகள் போட்டார்கள். அதனால் 1943, 1944-ஆம் ஆண்டுகளின் இரவு விமான மாதிரிகள் பகல் விமானங்களைவிட வெளிறியே இருக்கும். வழிகாட்டித் தாள் தவறோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

1944-இல் நேச நாடுகளின் விமானங்கள் ஜெர்மன் விமானத்தளங்களையே தேடி வந்து தாக்கத் தொடங்கியபோது, தரையில் மறைவது மறுபடியும் முதன்மையான தேவையாயிற்று. 81 என்ற பழுப்பு ஊதா, 82 என்ற இளம்பச்சை எனப் பச்சை சார்ந்த நிறங்கள் திரும்பி வந்தது இதனால்தான். இந்தக் கடைசிக் காலத்து நிறங்களைப் பற்றி, குறிப்பாக 83 என்ற எண்ணைப் பற்றி, ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. எனவே உங்கள் முதல் மாதிரிக்கு 1945-ஆம் ஆண்டு விமானத்தைத் தேர்ந்தெடுக்காமல், 1941 முதல் 1943 வரையிலான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி பரிந்துரைக்கிறேன்.

மூன்று விமானங்களைப் படித்துப் பார்ப்போம்

குறிகளைப் படிப்பதற்கு முன் படையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கெஷ்வாடர் என்பது பெரிய பிரிவு. அதற்குள் வழக்கமாக மூன்று குருப்பகள்; ஒவ்வொரு குருப்பவுக்குள்ளும் மூன்று ஸ்டாஃபல்கள். 1, 2, 3 ஆகிய ஸ்டாஃபல்கள் முதல் குருப்பவுக்கும், 4, 5, 6 இரண்டாவதற்கும், 7, 8, 9 மூன்றாவதற்கும் உரியவை. ஒவ்வொரு குருப்பவிலும் முதல் ஸ்டாஃபலுக்கு வெள்ளை, அடுத்ததற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு மஞ்சள் என்று நிறம் சுற்றிச் சுற்றி வரும். சிவப்புக்குப் பதிலாகக் கறுப்பு வருவதும் உண்டு. 1944-இல் சண்டைப் பிரிவுகளில் ஒவ்வொரு குருப்பவுக்கும் நான்காவது ஸ்டாஃபல் சேர்ந்தபோது நீலமும் வந்தது.

சண்டை விமானத்தில் உடலிலுள்ள சிலுவைக்கு முன்னால் எண் இருக்கும். அது ஸ்டாஃபலின் நிறத்தில் இருக்கும். சிலுவைக்குப் பின்னால் குருப்பவின் அடையாளம் இருக்கும். முதல் குருப்பவுக்கு எதுவும் இல்லை. இரண்டாவதற்கு ஒரு படுக்கைக் கோடு. மூன்றாவதற்கு அலைபோன்ற கோடு அல்லது செங்குத்துக் கோடு. தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு எண் கிடையாது. எண்ணுக்குப் பதிலாகக் கோணக் குறிகள். குருப்பவின் தளபதிக்கு இரட்டைக் கோணம், அவருடைய அலுவல் உதவியாளருக்கு ஒற்றைக் கோணம்.

இப்போது வட ஆப்பிரிக்காவில் பறந்த ஹான்ஸ்-யோவாகிம் மார்செய் என்ற விமானியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ எடுத்துக்கொள்வோம். மாதிரி செய்பவர்களிடையே மிகவும் பெயர்பெற்ற விமானம் இது. மேலே மணல் நிறம், கீழே நீலம்: ஆகவே பாலைவனப் போர்முனை. உடலின் பின்பகுதியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை: அது மத்தியதரைக் கடல் போர்முனைக்கான அடையாளம். சிலுவைக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் 14: ஆகவே குருப்பவின் மூன்றாம் ஸ்டாஃபல். சிலுவைக்குப் பின்னால் எந்தக் கோடும் இல்லை: ஆகவே முதல் குருப்ப. முதல் குருப்பவில் மஞ்சள் என்றால் 3-ஆம் ஸ்டாஃபல்தான். உண்மையிலும் மார்செய் 27-ஆம் சண்டைக் கெஷ்வாடரின் 3-ஆம் ஸ்டாஃபலைச் சேர்ந்தவர். 1942 செப்டம்பர் 30 அன்று அவர் விபத்தில் இறந்தார். இந்த விமானத்தின் டெக்கால் தாளில் சிலுவைக்குப் பின்னால் ஒட்டும்படி ஒரு படுக்கைக் கோடு கொடுக்கப்பட்டிருந்தால், அதை ஒட்டாமல் விட்டுவிடலாம்.

இரண்டாவது, 1940 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வயிற்றால் தரையிறங்கிய ஃப்ரான்ஸ் ஃபான் வெராவின் மெஸ்ஸர்ஷ்மிட் 109. அதில் எண் இல்லை. சிலுவைக்கு முன்னால் ஒற்றைக் கோணம், பின்னால் படுக்கைக் கோடு. இரண்டாம் குருப்பவின் அலுவல் உதவியாளர் என்று நாமே படித்துவிடலாம். 3-ஆம் சண்டைக் கெஷ்வாடரில் அவர் வகித்த பொறுப்பும் அதுவே. பெரிதாக உடையாமல் எதிரியின் மண்ணில் கிடந்ததால் இந்த விமானத்தைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். இத்தகைய விமானங்கள்தாம் மாதிரி செய்பவருக்கு நல்லவை. சந்தேகம் வரும்போது ஓவியத்தை நம்பாமல் புகைப்படத்தையே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இரண்டு எஞ்சின் கொண்ட விமானம். குண்டுவீச்சு விமானங்களிலும் ஸ்டுகாக்களிலும் இரவுச் சண்டை விமானங்களிலும் நான்கு எழுத்துக் குறியீடு இருக்கும். சிலுவைக்கு இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு. பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள மெஸ்ஸர்ஷ்மிட் 110 இரவுச் சண்டை விமானத்தில் டி5+ஆர்எல் என்று இருக்கும். டி5 என்பது 3-ஆம் இரவுச் சண்டைக் கெஷ்வாடரின் குறி. ஆர் என்பது அந்தத் தனி விமானத்தின் எழுத்து. ஸ்டாஃபலின் நிறத்தைத் தாங்குவது வழக்கமாக இந்த எழுத்துதான். கடைசி எழுத்து ஸ்டாஃபலைச் சொல்லும். முதல் குருப்பவுக்கு எச், கே, எல். இரண்டாவதற்கு எம், என், பி (ஆங்கில வரிசையின் பதினாறாவது எழுத்து). மூன்றாவதற்கு ஆர், எஸ், டி. எல் என்றால் 3-ஆம் ஸ்டாஃபல். கடைசி எழுத்து ஏ ஆக இருந்தால் கெஷ்வாடரின் தலைமையகம். பி (ஆங்கில வரிசையின் இரண்டாவது எழுத்து), சி, டி ஆக இருந்தால் முறையே மூன்று குருப்பகளின் தலைமையகங்கள். இங்கே மூன்றாம் குருப்பவின் தலைமையகத்துக்கும் 9-ஆம் ஸ்டாஃபலுக்கும் நாம் தமிழில் ஒரே ‘டி’ எழுதினாலும், அவை ஆங்கில வரிசையின் நான்காவது எழுத்தும் இருபதாவது எழுத்துமாகிய இரு வேறு எழுத்துகள்.

இந்த நான்கு எழுத்துகளும் விமானத்தின் இருபக்கமும் இடமிருந்து வலமாகவே படிக்கப்படும். அதனால் இடப்பக்க உடலில் கெஷ்வாடரின் குறி மூக்கை நோக்கி இருக்கும். வலப்பக்க உடலில் அதுவே வாலை நோக்கி இருக்கும். ஒரு பக்கத்தை ஒட்டி முடித்த திருப்தியில் மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல ஒட்டிவிடுவது சுலபமாக நேர்கிற தவறு. ஒட்டும் முன் எழுத்துகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சிலுவைகளிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பால்கன்கிராய்ட்ஸ் எனப்படும் அந்தக் கறுப்புச் சிலுவைக்கு 1940-இல் இறக்கையின் மேற்புறத்தில் வெள்ளை ஓரம் மெல்லியதாகவும், அடிப்புறத்தில் அகலமாகவும் இருந்தது. காரணம் மறுபடியும் உருமறைப்புதான்; மேலிருந்து பார்ப்பவனுக்குப் பளிச்சென்று தெரியக் கூடாது. போரின் பிற்பகுதியில் கறுப்பு நிரப்பல்கூட இல்லாமல் வெறும் ஓரக்கோடாகச் சுருங்கிவிட்டது. தாளில் இரண்டு அளவுச் சிலுவைகள் இருந்தால் அவற்றை மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

வாலில் இருந்த ஸ்வஸ்திகாவைப் பற்றியும் நேராகப் பேசிவிடுவது நல்லது. அது நாஜி ஆட்சியின் சின்னம். ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அத்தகைய சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடை செய்கிறது. வரலாறு, கலை, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும் நிறுவனங்கள் அந்த எல்லைக்குப் போக விரும்புவதில்லை. ஆகவே சில தாள்களில் அது இருக்கவே இருக்காது. சிலவற்றில் இரண்டு துண்டுகளாகப் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். நம் வீடுகளில் வேறு பொருளில் பழகிய வடிவம் என்பதால் நமக்கு அதன் கொடூரம் உறைக்காமல் போகலாம். ஐரோப்பாவில் பல லட்சம் குடும்பங்களுக்கு அது கொலைக்களத்தின் அடையாளம். ஒட்டுவதும் விடுவதும் செய்பவரின் முடிவு. ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். நான் வரவேற்பறையில் வைக்கும் மாதிரிகளில் ஒட்டுவதில்லை.

சாயம் பூசும்போது

சண்டை விமானத்தின் சாம்பல் நிறங்களுக்கு வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போவது வசதி. முதலில் அடிப்பரப்புக்கும் பக்கங்களுக்கும் 76. அது காய்ந்தபின் மேற்பரப்பு முழுவதும் 75. பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி 74-இன் திட்டுகள். கடைசியாகப் பக்கங்களில் புள்ளிகள். மஞ்சள் எங்கே வந்தாலும் அதற்கு அடியில் வெள்ளை பூசிவிடுங்கள். சாம்பலின் மேல் நேராகப் பூசினால் மஞ்சள் அழுக்காகிவிடும்.

விளிம்பு எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். உண்மையான விமானத்தில் இரண்டு நிறங்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சாயம் மங்கியிருந்தது என்று வைத்துக்கொண்டால், 1/48 அளவில் (உண்மையான விமானத்தின் 48-இல் ஒரு பங்கு) அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். 1/72 அளவில் 0.7 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி 1/48-இல் 6 மில்லிமீட்டர், 1/72-இல் 4 மில்லிமீட்டர். நாம் தெளிக்கும் புள்ளிகள் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் போய்விடுவதால்தான் மாதிரி பொம்மைபோலத் தெரிகிறது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் சாயம் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் சாயத்தைப் பால்போல நீர்க்கவைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, முனையைப் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 1939-ஆம் ஆண்டின் 70, 71 சில்லு வடிவத்தை டேப்பும் தூரிகையும் கொண்டே நன்றாகச் செய்யலாம், புள்ளிகளே தேவைப்படாது.

ஒரே எண் வெவ்வேறு நிறுவனங்களின் புட்டிகளில் வெவ்வேறாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். ஒன்றில் 75 ஊதாவாக இருக்கும். மற்றொன்றில் வெறும் சாம்பல். அக்காலத்துச் சாயங்களும் வெயிலில் வெளுத்தன. மாதிரி சிறிதாகச் சிறிதாக நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் சில நிறுவனங்கள் வேண்டுமென்றே வெளிற வைக்கின்றன. ஒரே நிறுவனத்தின் 74, 75, 76 மூன்றையும் சேர்த்து வாங்கினால் அவற்றின் ஒப்புமை சரியாக அமையும். ஆளுக்கொன்றாக வாங்கும்போதுதான் சிக்கல். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்க்காலத்துச் சாயத்தோடு எஞ்சிய மிகச் சில விமானங்களுள் ஒன்று. அதன் படங்களைப் பார்த்துப் பழகுவது கண்ணுக்கு நல்ல பயிற்சி.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நம்பி நிறம் சொல்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. அக்காலத்தில் புழங்கிய ஒருவகைப் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு எண் கறுப்பாகவே தெரியும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும், நீலம் வெளிறும். ஸ்டாஃபல் எது என்று தெரிந்தால் மட்டுமே அந்த எண்ணின் நிறத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.

தண்ணீரில் மிதக்கும் தாள்

டெக்கால் என்பது மூன்று அடுக்குகள் கொண்டது. அடியில் தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் மிக மெல்லிய ஒளிபுகும் படலமும் அதில் அச்சிட்ட மையும். தண்ணீரில் நனைத்ததும் பசை இளகி, படலம் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். அதை விமானத்தின் மேல் நகர்த்தி வைப்பதுதான் முழு வேலையும்.

என் முதல் மெஸ்ஸர்ஷ்மிட்டில் இந்த வேலையை அவசரத்தில் கெடுத்தேன். மேட் (பளபளப்பில்லாத) சாயம் காய்ந்த மறுநாளே அதன்மேல் நேராக டெக்கால்களை ஒட்டினேன். ஈரமாக இருக்கும்வரை அழகாக இருந்தது. காலையில் பார்த்தபோது ஒவ்வொரு எண்ணையும் சுற்றி வெள்ளி பூசியதுபோல ஒரு பளபளப்பு. படலத்தின் விளிம்பு அப்படியே தெரிந்தது. மேட் சாயத்தின் பரப்பு உருப்பெருக்கிப் பார்த்தால் உப்புத்தாள்போலச் சொரசொரப்பானது. படலம் அந்த மேடுகளின் மேல் மட்டும் ஒட்டிக்கொள்ள, பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் வெள்ளியாக மின்னுகிறது. இதற்கு ஒரே வழி, டெக்காலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் பூசிப் பரப்பைக் கண்ணாடிபோல வழவழப்பாக்குவது. அதை ஒரு முழு நாள் காயவிடுவது. மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் விடுகிறேன்.

பிறகு ஒரு சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட பகுதியை ஒட்டினாற்போல் வெட்டி, இடுக்கியால் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் பதினைந்து இருபது விநாடி நனைத்து, வெளியே எடுத்து ஈரத்துணியின் மேல் வையுங்கள். நீரிலேயே மிதக்கவிட்டால் பசை முழுவதும் கரைந்துபோய்விடும். ஒரு நிமிடம் கழித்து விரலால் இலேசாகத் தொட்டால் படலம் அசையும், அதுதான் பதம். இதற்கிடையில் இறக்கையில் சிலுவை வரப்போகும் இடத்தில் மைக்ரோ செட் என்ற திரவத்தை ஒரு தூரிகையால் தடவுங்கள். வினிகர் வாசம் வரும். தாளை அந்த இடத்துக்கு அருகே வைத்து, ஈரத் தூரிகையால் படலத்தை மட்டும் தள்ளுங்கள். இடம் சரியாகும்வரை நகர்த்தலாம். சரியானதும் பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி, அடியிலுள்ள நீரை வெளியேற்றுங்கள்.

கொஞ்சம் காய்ந்தபின் மைக்ரோ சோல் என்ற இன்னொரு திரவத்தைத் தடவ வேண்டும். இது படலத்தை இளக்கி, இறக்கையின் கோடுகளுக்குள்ளும் ஆணித் தலைகளின் மேலும் படிய வைக்கும். தடவிய சில நிமிடங்களில் சிலுவை முழுவதும் சுருங்கிச் சுருங்கி மடிப்பு மடிப்பாகிவிடும். பதற வேண்டாம், தொடவே கூடாது. அந்த நேரத்தில் படலம் ஈர அப்பளத்தைவிட மென்மையாக இருக்கும்; விரல் பட்டால் கிழிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் தானாகவே இழுத்துக்கொண்டு தட்டையாகிவிடும். மறுநாள் எங்காவது குமிழ் தெரிந்தால், ஊசிமுனையால் அதில் ஒரு துளை குத்தி மறுபடியும் ஒரு சொட்டுச் சோல் விட்டால் போதும்.

மிகச் சிறிய எழுத்துகள்தாம் பொறுமையைச் சோதிப்பவை. அவை பராமரிப்புக் குறிகள். இங்கே மிதிக்காதே, இங்கே ஜாக்கி வை என்று தரைப்பணியாளருக்குச் சொல்பவை. அவற்றுள் ஒன்றை மட்டும் எல்லாரும் கவனித்து ஒட்ட வேண்டும் என்பேன். எரிபொருள் ஊற்றும் வாயின் அருகே உள்ள சிறிய மஞ்சள் முக்கோணம் அது. அதற்குள் எரிபொருளின் ஆக்டேன் எண்ணோ வகையோ இருக்கும்: மெஸ்ஸர்ஷ்மிட் 109-கள் பலவற்றில் 87, ஃபோக்க-வுல்ஃப் 190-இல் சி3. 1/72 அளவில் அரிசியைவிடச் சிறிய அந்த முக்கோணம் சரியான இடத்தில் அமர்ந்ததும், உலோகமும் பெட்ரோலும் மனிதக் கைகளும் சேர்ந்த ஒரு இயந்திரம் கண்முன் வந்து நிற்கும்.

தாள் பழையதாகி மஞ்சளேறியிருந்தால் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவைத்தால் வெளுத்துவிடும். தண்ணீரில் போட்டதும் நொறுங்கும் என்ற சந்தேகம் இருந்தால், தேவையில்லாத ஒரு துண்டை முதலில் நனைத்துச் சோதியுங்கள். நொறுங்கினால் டெக்கால் படலத் திரவத்தை மீதித் தாளின் மேல் பூசிக் காயவைத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் ஒட்டி முடிந்தபின் ஈரப்பஞ்சால் பசைக் கறையைத் துடைத்து, மறுபடியும் ஒரு பூச்சு பளபளப்பான வார்னிஷ், கோடுகளில் மெல்லிய கருஞ்சாயம், கடைசியில் மேட் வார்னிஷ். மேட் வார்னிஷ் காயக் காய, அதுவரை ஈரமாகவும் பொம்மைத்தனமாகவும் இருந்த நிறங்கள் ஒன்றோடொன்று அடங்கி, டெக்காலின் விளிம்பு மறைந்து, 14 என்ற எண் உடலின் மணல் நிறத்தோடு சேர்த்துப் பூசப்பட்டதுபோல ஆகிவிடும்.